வேனில் விடுமுறையும் குலக்கோயில் வழிபாடும்

பண்டைத் தமிழ் இலக்கண நூலார் அகவொழுக்கம் ஒவ்வொன்றிற்கும் உரிய நிலத்தையும் பொழுதையும் வகுத்துரைத்தனர். அவற்றுள் பிரிவு என்னும் ஒழுக்கத்திற்குத் தொல்காப்பியனார் வகுத்த பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல். பொருள் தேடும் பொருட்டுத் தலைவன் வீட்டை விட்டுப் புறப்படுவதும், அவன் சென்ற வழியின் வெம்மையை எண்ணித் தலைவி வருந்துவதும் சங்கப் பாடல்களில் மீண்டும் மீண்டும் காணப்படுவன. அக்காலத் தமிழில் 'செலவு' என்னும் சொல்லுக்கே பயணம் என்பதுதான் பொருள். கைப்பொருள் கரைவதைக் குறிக்கும் சொல்லாக அது பின்னாளில் மாறிற்று. கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஊர் சென்று திரும்பியோர்க்கு இவ்விரு பொருளும் ஒன்றாகவே தோன்றக்கூடும்!

செட்டிநாடு எனப் பெயர்பெற்ற காரைக்குடிப் பகுதியில் இவ்விலக்கணம் மாறி நிகழ்கின்றது. இங்கு வேனில் கூடுதலின் காலம். பள்ளிகளில் ஆண்டுத் தேர்வு முடிந்த சில நாள்களில், ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் பெருவீடுகளின் முன்கதவுகள் திறக்கப்பெறுகின்றன. வாசல் தெளித்துக் கோலமிடப்படுகின்றது. கிணற்றில் உருளை ஒலிக்கின்றது. சென்னையிலிருந்து பல்லவன் விரைவு வண்டியிலும், மதுரை, திருச்சி விமான நிலையங்களிலிருந்து வாடகை வண்டிகளிலும் மக்களும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் வந்து இறங்குகின்றனர். சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா என்று வெவ்வேறு நாடுகளில் வளரும் பிள்ளைகள் ஒரே வளவில் ஒன்றாகப் பாய் விரித்துப் படுக்கின்றனர். வந்தவர்கள் ஓரிரவு இளைப்பாறியதும் மூத்தோர் வாயிலிருந்து வரும் சொல் ஒன்றே: "முதலில் கோயிலுக்குப் போய் வாருங்கள்." எந்தக் கோயில் என்று எவரும் கேட்பதில்லை. அது அக்குடும்பத்தின் குலக்கோயில்.

ஒரு விடுமுறைப் பயணம் வெறும் சுற்றுலாவாக முடிவதும் வழிபாடாக நிறைவதும் எதனால் என்பதை, இப்பகுதியில் வாழையடி வாழையாக வழங்கிவரும் நடைமுறைகளைக் கொண்டு ஆராய்வது பயனுடையதாகும்.

கடல் கடந்தோர் கணக்கு

நாட்டுக்கோட்டை நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் பர்மா, இலங்கை, மலாயா, சைகோன் முதலிய இடங்களில் கொண்டுவிற்றலும் வட்டித்தொழிலும் செய்து வந்தனர். முதலாளியின் சார்பில் கடை நடத்தச் செல்லும் ஆள், பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கில் கப்பலேறுவார். மூன்றாண்டு முடிந்து, கணக்கை முடித்து ஒப்புவித்த பின்னரே ஊர் திரும்புவார். கடல்வழிச் செலவில் மகளிரை உடன் அழைத்துச் செல்லும் வழக்கமில்லை என்று தொல்காப்பியம் ஒரு விதி கூறுகின்றது. அந்நூல் தோன்றி நூற்றாண்டுகள் பல கடந்த பின்னும் செட்டிநாட்டில் அவ்விதி ஏறக்குறைய அவ்வாறே நின்றது. மனைவி மக்கள் ஊரில் இருந்தனர். தந்தை கப்பலேறிய பின் பிறந்த குழந்தை, அவர் திரும்பும் நாளில் தானே நடந்து வந்து, முன்பின் அறியாத ஒருவரைப் பார்ப்பதுபோல் தூண் மறைவில் நின்று பார்க்கும்.

அந்நாளில் விடுமுறை என்பது மூன்றாண்டுக்கு ஒருமுறை வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் வரை சென்று மீண்ட 'ரஜூலா' கப்பலின் பெயரை இன்றும் நினைவுகூரும் முதியோர் உளர். இலங்கைக்குச் செல்வோர் தனுஷ்கோடி வரை இரயிலில் சென்று, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேறினர். 1964ஆம் ஆண்டுப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அவ்வழி அடைபட்டது.

இவ்வாறு சென்றவர்கள் இறைவனை ஊரிலேயே விட்டுச் செல்லவில்லை. கிட்டங்கி எனப்படும் தொழிலிடத்தில் முருகனின் வேலை வைத்து வழிபட்டனர். வருவாயில் ஒரு கூறு 'மகமை' என்று கோயிலுக்கு ஒதுக்கப்பட்டது. கணக்கேட்டில் இறைவனும் ஒரு பற்று வரவுக்காரராக இருந்தார் என்று சொல்வது மிகையாகாது. சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859ஆம் ஆண்டு எழுந்த தெண்டாயுதபாணி கோயில் இம்மகமையின் விளைவேயாம். காசியிலும் இராமேசுவரத்திலும் பழநியிலும் அமைந்த நகர விடுதிகளும் அத்தகையனவே.

1942இல் சப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தபோது, கப்பல் கிடைக்காத தமிழர் பல்லாயிரவர் மலையும் காடும் கடந்து கால்நடையாக இந்தியா வந்து சேர்ந்தனர். வழியில் மாண்டோர் பலர். ஈட்டிய பொருள் அங்கேயே நின்றுவிட்டது. பிழைத்து வந்தோரிற் சிலர், வீட்டு வாசலை மிதிக்குமுன் தம் குலக்கோயில் வாசலில் விழுந்து வணங்கிய செய்தி செட்டிநாட்டுக் குடும்பங்களில் வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. இன்று விமானத்தில் ஏறிச் சில மணி நேரத்தில் வந்திறங்கும் பேரனுக்கு, கோயிலுக்கு முதலில் போக வேண்டும் என்ற சொல் ஒரு சடங்காகத் தோன்றலாம். அச்சொல்லின் பின்னே இவ்வளவும் நிற்கின்றன.

ஒன்பது கோயில்களும் ஒரு புள்ளியும்

காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டி நாட்டிற்கு வந்து குடியேறியவர் நகரத்தார் என்பது அவர்தம் மரபு வரலாறு. முதலில் இளையாற்றங்குடியில் தங்கிப் பின்னர் ஒன்பது கோயில்களைச் சார்ந்த பிரிவினராக விரிந்தனர். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்பன அவ்வொன்பது தலங்களாம். ஒவ்வொரு குடும்பமும் இவற்றுள் ஒன்றனுக்கு உரியது. ஒரே கோயிலைச் சேர்ந்தவர் தமக்குள் பங்காளிகள் ஆவர். பெரும்பான்மையும் அவர்களிடையே மணவுறவு இல்லை. திருமணத்தின்போது இரு வீட்டாரின் கோயில்களிலிருந்தும் மாலை வரும். அம்மாலை வந்து சேராமல் திருமணம் நடைபெறுவதில்லை.

திருமணம் நிறைவேறியதும் புதுமணத் தம்பதியர் கோயிலில் ஒரு 'புள்ளி' என்று பதிவு பெறுகின்றனர். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. கோயிலுக்குரிய வரி புள்ளி அளவிலேயே வாங்கப்படும். திருப்பணி வந்தால் புள்ளிக்கு இவ்வளவு என்று வரையறை செய்யப்படும். புள்ளி என்னும் சொல்லைத் தமிழ் இலக்கணம் பயின்றோர் மெய்யெழுத்தின் தலையில் இடும் குறியாக அறிவர். வாசலில் கோலமிடும் பெண்டிர், கோடுகளைத் தாங்கும் அடையாளமாக அறிவர். காரைக்குடியில் அது ஒரு குடும்பத்தின் பெயர். இம்மூன்றனுள் கோலப்புள்ளியே இதற்கு மிக அணுக்கமானது எனலாம். ஒரு புள்ளி தவறினாலும் கோலம் வளைந்துவிடும்.

கோயில் வரியைச் செலுத்தச் சென்ற பாட்டனாரின் விரலைப் பற்றிக்கொண்டு நின்ற சிறுவன், "ஐயா, நான் ஒரு புள்ளி இல்லையா?" என்று கேட்பதும், "உனக்குக் கல்யாணம் ஆகட்டும் அப்பு, அப்புறம் நீ ஒரு புள்ளி" என்று அவர் சொல்வதும் விடுமுறை நாள்களில் இக்கோயில்களில் கேட்கக்கூடிய உரையாடல்தான். தான் இன்னும் எண்ணப்படவில்லை என்பதைக் கேட்டுச் சிறுவன் முகம் வாடுகின்றது. எண்ணப்பட வேண்டும் என்ற விருப்பமும் அப்போதுதான் அவன் உள்ளத்தில் முளைக்கின்றது. பக்தியைப் பற்றி ஒரு மணி நேரம் சொற்பொழிவாற்றினும் இது விளையாது.

இங்கே ஒரு செய்தியை மறைப்பதற்கில்லை. காலம் மாறிவிட்டது. பிற மரபில் மணம் புரிந்துகொண்ட பிள்ளைகளும் உளர். அவர்தம் பெயர் ஏட்டில் ஏறுவதில்லை என்பதனால், குலக்கோயில் இருக்கும் ஊருக்கே வாராமல் ஒதுங்கிக்கொள்வோரும், பெற்றோர் முகத்துக்கு அஞ்சிக் கோயில் வாசலிலேயே நின்றுவிடுவோரும் உண்டு. புள்ளிக் கணக்கு ஒரு சமுதாயத்தின் ஏற்பாடு. அதனை மாற்றுவதும் மாற்றாமையும் அச்சமுதாயத்தார் பொறுப்பு. சந்நிதியில் இறைவன் ஏடு பார்ப்பதில்லை. கற்பூர ஆரத்தியை நீட்டும் சிவாச்சாரியாரும் புள்ளி கேட்பதில்லை. மருமகளையும் மருமகனையும் முன்னே நிறுத்திக் கும்பிடச் செய்யும் மூத்தோர் இன்று பெருகி வருதல் மகிழத்தக்கது. அவ்வாறு செய்யத் தயங்கும் பெற்றோர், தம் பேரப்பிள்ளைகள் கோயிலை எவ்வாறு நினைவு கொள்வார்கள் என்பதை ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது

ஒன்பது கோயில்களையும் ஒரே நாளில் வண்டியில் சுற்றி முடித்துவிட வேண்டும் என்னும் வேகம் இந்நாளில் பெருகியுள்ளது. அக்கினி நட்சத்திர வெயிலில் பிள்ளைகள் காலில் சூடு பட, ஒவ்வொரு கோயிலிலும் பத்து நிமிடம் நின்று, நண்பகலில் நடை சாத்துமுன் அடுத்த ஊரை அடைய ஓடுவது வழிபாடாகாது. அவர்களுக்கு மிஞ்சுவது வண்டியின் குளிர்ச்சியும் புழுக்கமுமே. காலையில் ஒரு கோயில், மாலையில் ஒரு கோயில் என்று அமைத்துக்கொள்வது போதுமானது. மிஞ்சியவை அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும்.

பிள்ளையார்பட்டி அனைவரும் அறிந்த தலம். குன்றைக் குடைந்து அமைத்த கோயிலில் கற்பக விநாயகர் பாறையிலேயே புடைத்தெழுந்த திருமேனியாய், இரண்டு திருக்கரங்களோடும் வலம்புரித் துதிக்கையோடும் வடக்கு நோக்கி எழுந்தருளியுள்ளார். பிற இடங்களில் நான்கு கைகளோடு பிள்ளையாரைக் கண்டு பழகிய குழந்தைகளிடம், "கைகளை எண்ணிச் சொல்" என்றாலே போதும். அவர்கள் கண் கருவறையை விட்டு அகலாது. சிற்பி ஒருவர் கல்லைக் கொண்டுவந்து சிலை செய்யவில்லை, மலையிலேயே கண்டு செதுக்கினார் என்று சொல்லும்போது அவர்கள் வியப்பு இரட்டிக்கின்றது. அதே கோயிலில் மருதீசரும் வாடாமலர் மங்கையும் அருள்பாலிப்பதைப் பலர் மறந்து திரும்பிவிடுகின்றனர். வாடாமலர் மங்கை என்னும் பெயரின் அழகுக்காகவேனும் அச்சந்நிதியில் சிறிது நேரம் நிற்கலாம்.

பிள்ளையார்பட்டிக்கு அண்மையிலுள்ள வைரவன்பட்டியில் இறைவன் திருநாமம் வளரொளிநாதர். தலத்தின் பெயருக்குக் காரணமான வைரவர் தனிச் சந்நிதி கொண்டுள்ளார். நாயை ஊர்தியாகக் கொண்ட கடவுள் என்பதனால் குழந்தைகள் அச்சமின்றி அணுகும் சந்நிதி இது. இரணியூரில் ஆட்கொண்டநாதரும் சிவபுரந்தேவியும் எழுந்தருளியுள்ளனர். இரணியனை வதைத்த நரசிங்கப் பெருமான் தம் தோடம் நீங்கச் சிவபெருமானை வழிபட்ட இடம் என்பது தலவரலாறு. அங்குள்ள தூண்களின் சிற்பங்களைப் பார்க்க ஒரு மாலைப்பொழுது வேண்டும்.

வணிகர் குலத்தார்க்கு மிகப் பொருத்தமான தலவரலாறு மாத்தூருக்குரியது. கொங்கணச் சித்தர் இரசவாதம் செய்து ஐந்நூறு மாற்றுப் பொன் கண்ட இடம் என்றும், அதனால் இறைவர்க்கு ஐநூற்றீசர் என்று பெயர் வழங்கிற்று என்றும் கூறுவர். அச்சித்தர் மேலும் மாற்று உயர்ந்த பொன்னை நாடி இலுப்பைக்குடிக்குச் சென்றார் என்று கதை தொடர்கின்றது. 'மாற்று' என்பது உரைகல்லில் உரைத்துக் காணும் பொன்னின் தரம். பொன் செய்யக் கற்ற ஒருவரும் ஐந்நூறு போதாதென்று அடுத்த ஊருக்கு நடந்தார் என்பதை வணிகம் செய்தோர் தம் குலக்கோயிலின் கதையாக வைத்துக்கொண்டனர்! தம்மையே நோக்கி நகைக்கும் இத்துணிவு பாராட்டுக்குரியது. பங்குச் சந்தையில் பணி செய்யும் மகனுக்கும் இக்கதையைச் சொல்லலாம். அவர் எளிதில் புரிந்துகொள்வார்.

நகரக் கோயில்களோடு நில்லாமல் குன்றக்குடிக்குச் செல்வதும் வழக்கம். காரைக்குடியிலிருந்து பத்துக் கிலோமீட்டர் அளவிலுள்ள இம்மலையில் சண்முகநாதர் மயில்மீது அமர்ந்து காட்சி தருகின்றார். அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற தலம். சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது சகோதரர்களுள் பெரிய மருதுவுக்கு உண்டான பிளவைக் கட்டி இம்முருகன் திருநீற்றால் நீங்கியது என்றும், அந்நன்றியால் அவர் திருப்பணிகள் பல செய்தார் என்றும் வரலாறு கூறும். அவ்விருவரும் 1801ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் ஆங்கிலேயரால் தூக்கிலிடப்பட்டனர். மலையடியில் உள்ள பழைய குடைவரைகளைப் பார்க்காமலேயே பலர் படியேறிவிடுவது வருந்தத்தக்கது. அண்மைக் காலத்தில் குன்றக்குடி அடிகளார் (1925–1995) தமிழுக்கும் சமயத்துக்கும் ஆற்றிய தொண்டினால் இவ்வூர்ப் பெயர் தமிழுலகெங்கும் அறியப்பட்டது.

வைணவ அன்பர்கள் திருக்கோட்டியூரைத் தவறவிடமாட்டார்கள். திருக்கோட்டியூர் நம்பியிடம் பெற்ற மறைபொருளை இராமாநுசர் எல்லோரும் உய்யும் வண்ணம் வெளிப்படுத்திய ஊர். தாம் நரகம் புகினும் பிறர் உய்யட்டும் என்று அவர் துணிந்தார் என்பதைச் சிறுவர்க்குச் சொல்லும்போது, அவர்கள் கேட்கும் முதல் வினா, "பிறகு அவருடைய குரு கோபித்துக்கொண்டாரா?" என்பதே. முதலில் சினந்தவர் பின்னர் மனம் உருகி அவரைத் தழுவிக்கொண்டார் என்பதையும் மறவாமல் சொல்லுதல் வேண்டும். பெரியோர் சினம் தணியும் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

உறவுப் பெயர்கள்

கோயிலுக்குச் செல்லும் வழியிலும் திரும்பிய பின்னும் இப்பிள்ளைகள் கற்கும் மற்றொரு பாடம் உறவுப் பெயர்கள். நகரில் வளரும் குழந்தைக்கு எல்லா ஆண்களும் 'அங்கிள்', எல்லாப் பெண்களும் 'ஆன்ட்டி'. செட்டிநாட்டு வளவில் அவ்விரு சொற்களைக் கொண்டு அரை நாளும் கழிக்க இயலாது. தந்தை அப்பச்சி, தாய் ஆத்தா, தந்தையைப் பெற்றவள் அப்பத்தா, தாயைப் பெற்றவள் ஆயா, தாயுடன் பிறந்தவர் அம்மான், அண்ணன் மனைவி அண்ணமிண்டி. யார் பங்காளி, யார் தாயபிள்ளை என்பது அழைக்கும் சொல்லிலேயே விளங்கிவிடும். இச்சொற்களிற் பல அகராதிகளிற்கூட முழுமையாக இடம்பெறவில்லை. ஓர் ஆண்டு ஊருக்கு வாராத குழந்தை இவற்றுள் சிலவற்றை மறக்கின்றது. மூன்றாண்டு வாராத குழந்தைக்கு அப்பத்தாவும் ஆயாவும் 'பாட்டி' ஆகிவிடுகின்றனர்.

பூட்டிய வீடும் பிரியாத கோயிலும்

செட்டிநாட்டு வீடுகளின் சிறப்பைக் காண வெளிநாட்டார் இன்று பெருந்தொகையாக வருகின்றனர். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை நீளும் இவ்வீடுகள் பர்மாத் தேக்கினாலும் ஆத்தங்குடிக் கல்லினாலும் முட்டையின் வெண்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சினாலும் ஆகியவை. வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மகனுக்குரியவை. மணமானதும் மகனை 'வேறு வைப்பது' என்பது இம்மரபின் தனிவழக்கு. ஒரே கூரையின்கீழ்த் தனி அடுப்பு, தனிக் கணக்கு. கூடியும் வாழ வேண்டும், ஒருவர் செலவு ஒருவரைச் சுடவும் கூடாது என்று முன்னோர் கண்ட வழி அது.

இன்று அவ்வறைகளுக்கு உரியவர்கள் பேரன், கொள்ளுப்பேரன் என்று பெருகிப் பல நாடுகளில் வாழ்கின்றனர். ஒரு வீட்டிற்கு இருபது, முப்பது பங்குதாரர்கள் என்பது இங்கு வியப்பன்று. ஓடு மாற்ற ஒருவர் இசைந்தால் மற்றவர் இசைவதில்லை. மழை ஒழுகி மரம் இற்றுப்போகின்றது. முடிவில் வீடு இடிக்கப்பட்டுத் தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் முனீசுவரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. பாட்டியின் பித்தளைத் தூக்கும் பல்லாங்குழியும் அங்கே விலை கூறப்படுகின்றன. விடுமுறைக்கு வந்த பேத்தி அவற்றுள் ஒன்றை விலை கொடுத்து வாங்கிச் செல்லவும் கூடும். அது தன் வீட்டிலிருந்தே வந்தது என்று அறியாமல்.

வீட்டைப் பங்கு பிரிக்கலாம். குலக்கோயிலை எவரும் பங்கு பிரித்ததில்லை. பேச்சு வார்த்தை நின்றுபோன உடன்பிறந்தார் இருவர், தத்தம் மக்களோடு ஒரே காலைப்பொழுதில் ஒரே சந்நிதியில் எதிரெதிரே வந்து நிற்பது வேனில் விடுமுறையில் நேர்வதுண்டு. சிவாச்சாரியார் ஒரே தட்டில் இருவர் தேங்காயையும் உடைத்து, ஒரே கோத்திரம் சொல்லி, ஒரே தீபத்தைக் காட்டுகின்றார். பெரியவர்கள் முகம் திருப்பிக்கொள்ள, குழந்தைகள் ஒருவரையொருவர் பார்த்து நகைக்கின்றனர். அவ்வளவில் வழக்கு தீர்ந்துவிடும் என்று சொல்வது உண்மையாகாது. குழந்தைகள் அறிமுகமாகிவிட்டனர் என்பது மட்டும் உண்மை.

'படைப்பு' என்னும் வழிபாடும் இத்தகையதே. குடும்பத்தில் வாழ்ந்து மறைந்த முன்னோரை நினைந்து, படைப்பு வீட்டில் பங்காளிகள் கூடிப் புடவையும் வேட்டியும் வைத்து, சமைத்துப் படைத்து, ஒன்றாக இருந்து உண்பர். செலவு புள்ளிக் கணக்கில் பகிரப்படும். தொலைவிலுள்ளோர் வருவதற்கு ஏதுவாக இதனைப் பள்ளி விடுமுறையில் வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. மரபு வழுவாமல் நாளை மட்டும் மாற்றிக்கொள்வதில் குற்றம் காண்பதற்கில்லை. பிள்ளைகள் வாராத நாளில் மரபு வழுவாமல் நடத்தி யாருக்குக் காட்டுவது?

நகரத்தார்க்கு மட்டும் உரியதோ

மேற்கூறியவற்றைப் படிக்கும் அன்பர்கள், இவையெல்லாம் ஒரு மரபினர்க்கே உரியன என்று எண்ணிவிடுதல் கூடாது. காரைக்குடியைச் சூழ்ந்த சிற்றூர்களில் அய்யனாரையும் கருப்பரையும் குலதெய்வமாகக் கொண்ட மக்கள் பலர். வைகாசி, ஆனி மாதங்களில் சிவகங்கை மாவட்டத்தின் ஊர்கள் பலவற்றில் புரவியெடுப்பு விழா நடைபெறுகின்றது. ஊரார் பிடிமண் எடுத்துக் கொடுக்க, வேளார் அம்மண்ணைச் சேர்த்துக் குதிரைகள் செய்து, சூளையிட்டு, வண்ணம் தீட்டுகின்றனர். குறித்த நாளில் அவற்றைத் தோளிற் சுமந்து அய்யனார் கோயிலுக்குக் கொண்டு சேர்க்கின்றனர். திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் ஆலைகளில் பணிபுரிவோரும் அரபு நாடுகளில் கட்டடவேலை செய்வோரும் இவ்விழாவுக்கென விடுப்பு எடுத்து வருகின்றனர். வளைகுடாவிலிருந்து வந்த தந்தையின் தோள்மீது புரவி. அதன் கீழே தந்தையின் வேட்டி முனையைப் பற்றியபடி ஓடிவரும் மகன். அக்குதிரை அய்யனார் கோயில் திடலில் நின்று மழையிலும் வெயிலிலும் கரைந்து மண்ணோடு மண்ணாகும். அடுத்த முறை மீண்டும் பிடிமண் எடுக்க வேண்டும். மீண்டும் ஊருக்கு வர வேண்டும்.

கொப்புடையாள் தேர்

காரைக்குடி நகரின் நடுவே அருள்மிகு கொப்புடைய நாயகி அம்மன் திருக்கோயில் அமைந்துள்ளது. நகரத்தார் முதலாக எல்லா மக்களும் தம் வீட்டுத் தெய்வம்போல் வழிபடும் அம்மன் இவள். கொப்பு என்பது மகளிர் காதில் அணியும் அணி. பிற கோயில்களில் கருவறையில் ஒரு திருமேனியும், வீதியுலாவுக்கு வேறொரு திருமேனியும் இருக்கும். இங்கு மூலவரே உற்சவராகவும் விளங்குகின்றார். கருவறையில் நாள்தோறும் வழிபடப்பெறும் அம்மனே வீதிக்கு எழுந்தருளுகின்றாள் என்பது காரைக்குடி மக்களின் தனிப் பெருமை. வைகாசி மாதத்தில் நிகழும் செவ்வாய்ப் பெருந்திருவிழா, பள்ளி திறக்குமுன் ஊரில் தங்கும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பெரும்பேறு எனலாம்.

இவ்வம்மனுக்குச் செஞ்சையில் எழுந்தருளியுள்ள காட்டம்மன் உடன்பிறந்தவள் என்று ஊரார் கூறுவர். காட்டம்மனுக்கு மக்கள் உண்டு; கொப்புடையாளுக்கு இல்லை. பிள்ளைகளைக் காணும் ஆசையால் கொழுக்கட்டை முதலிய தின்பண்டங்களோடு கொப்புடையாள் உடன்பிறந்தாள் வீட்டுக்கு வருவது வழக்கம். மகப்பேறில்லாதவள் கண் படுமோ என்று அஞ்சிய காட்டம்மன் ஒரு நாள் பிள்ளைகளை ஒளித்து வைத்தாள். அது தெரிந்தபோது கொப்புடையாள் மனம் புண்பட்டு, ஒளித்த பிள்ளைகள் கல்லாகுமாறு சொல்லிவிட்டு அங்கிருந்து நீங்கினாள் என்பது கதை.

பெரும்பாலான தலவரலாறுகளில் தெய்வம் அசுரனை வெல்லும், அடியவரை ஆட்கொள்ளும். இக்கதையில் வெல்பவர் இலர். ஒரு சொல்லும் ஓர் ஐயமும் இரு வீடுகளைப் பிரித்துவிட்டன. தெய்வத்தின்மேல் ஏற்றிச் சொல்லப்பட்டாலும் இது மனிதக் குடும்பங்களில் நிகழ்வதுதான். குழந்தையில்லாத அத்தையையோ சிற்றன்னையையோ மங்கல நிகழ்ச்சிகளில் பின்னே நிறுத்தும் பழக்கம் இன்னும் முற்றும் மறைந்தபாடில்லை. இக்கதையைக் கேட்ட பின்னும் அவ்வாறு செய்வோர் அம்மன் மனம் எதனால் புண்பட்டது என்பதை உணராதவரே ஆவர். விடுமுறைக்கு வரும் பிள்ளைகளைத் தூக்கி முத்தமிட முதலில் ஓடி வருபவள் பெரும்பாலும் அத்தகைய ஒரு சிற்றன்னையே என்பது வீட்டாரெல்லாம் அறிந்தது.

திருவிழாவில் தேர் காரைக்குடியின் வீதிகளைக் கடந்து காட்டம்மன் கோயிலை நோக்கிச் செல்கின்றது. வடம் பிடிப்போர் வரிசையில் முதியவர், இளைஞர், அயலூரார், அயல்நாட்டிலிருந்து வந்தோர் என்ற வேறுபாடு இல்லை. உள்ளங்கை சிவக்க வடத்தை விடாமல் பற்றியிருக்கும் சிறுவரைப் பெரியோர் விலக்குவதுமில்லை. நீர்மோரும் பானகமும் வழிநெடுகிலும் வழங்கப்படுகின்றன. அன்றிரவு அம்மனின் தேர் உடன்பிறந்தாளின் கோயில் அருகிலேயே நிற்கும். மறுநாள் அங்கிருந்து புறப்பட்டுத் தன் இருப்பிடம் திரும்பும்.